கராஜ் சக்கரவர்த்தி திருப்புகழ்

கொழும்பு மாநகரின் கராஜ் மண்டலம் முழுதும் ஆளும் எங்கள் பாஸ் அவர்களின் ஞானதிருஷ்டியை எந்த நாவால் புகழ்வேன்! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2001ஆம் ஆண்டு ஓட்டோ கியர்க் கொரோலா 121, கியர் மாறும்போது இடிக்கிறதென்று சந்நிதானத்தை வந்தடைந்தது. பொனட் திறக்கப்படுமுன் திருவாய் திறந்தது: “சேர், கியர்பொக்ஸ் முடிஞ்சுது. வேற ஒண்டு போடவேணும்.”

அற்ப மெக்கானிக்குகள் படும் பாட்டைப் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெய் மட்டம் பார்ப்பார்கள். வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டு, சிவப்பாக இருக்கிறதா, கறுத்துக் கருகல் நாறுகிறதா, ரேடியேட்டர் தண்ணீர் கலந்து பால்ரோசாவாகிவிட்டதா என்று ஆராய்வார்கள். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்தாலும் இடிக்குமே என்று காருக்கடியிலும் படுப்பார்கள். எங்கள் பாஸின் திருக்கரமோ டிப்ஸ்டிக்கைத் தீண்டியறியாத தாமரை.

மீட்டரில் ‘ஓ/டி ஓஃப்’ என்னும் ஓவர்டிரைவ் விளக்கு விடாமல் சிமிட்டியது. கோளாறொன்றைக் காரின் கணினி குறித்துவைத்திருக்கிறது என்பதற்கு டொயோட்டா வகுத்த அடையாளம் அது. சிற்றறிவினர் உடனே ஸ்கேனர் மாட்டிக் குறியீட்டைப் படித்து, சொலினோயிடா, வேக சென்சாரா, அவற்றுக்குப் போகும் வயரா என்று ஒவ்வொன்றாய் அளந்துபார்த்திருப்பார்கள். பாஸ் அவர்களோ அச்சிமிட்டலைத் தமக்குச் செலுத்தப்பட்ட வணக்கமென ஏற்று, பாட்டரி வயரைக் கழற்றி, சாட்சியத்தை அடியோடு அழித்தருளினார். இப்பெருங்கருணை எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்!

அடுத்து, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பழைய கியர்ப்பெட்டி பவனி வந்தது. ஜப்பானில் எந்தக் காரில் எவ்வளவு தூரம் ஓடியதென்று எவரும் அறியார். வரலாறு இல்லாததால் அதற்குக் களங்கமும் இல்லை. டைப் டி-4 எண்ணெயே ஊற்றவேண்டுமென்று டொயோட்டா விதித்த சாதிபேதத்தைப் பாஸின் சமத்துவ உள்ளம் பொறுக்குமா? பீப்பாயில் சிவப்பாக இருந்ததை நிரப்பினார். ரேடியேட்டருக்குள்ளிருக்கும் எண்ணெய்க் கூலரைக் கழுவவும் மனம் ஒப்பவில்லை; பழைய பெட்டியின் உலோகத்தூளை வந்த பெட்டிக்குச் சீதனமாய் விட்டுவைத்தார்.

ஆசிரியர் ஓய்வூதியச் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தார். முதற் சந்தி தாண்டுமுன்னே பழைய இடி, பழைய சிமிட்டல். சென்சார் வயரில் இருந்த முறிவு, எவர் கையும் படாமல், இருந்த இடத்திலேயே சுகமாக இருந்தது. திரும்பி வந்தவரிடம் மனுநீதி வழுவாத நம் வேந்தர் மொழிந்தார்: “இந்தப் பொக்ஸும் சரியில்ல, சேர். இன்னொண்டு பாப்பம்.” ஒருமுறை உரைத்த தீர்ப்பை உலகமே மறுத்தாலும் மாற்றாத இந்த உறுதிக்கு ஈடேது!

அவருடைய அற்புதங்களின் சிகரத்தை இனிச் சொல்கிறேன். “முடிஞ்சுது” என்று கழற்றிய ஆசிரியரின் பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, “நல்ல பொக்ஸ்” என்று எழுதி, அடுத்த காருக்கென அலுமாரித் தட்டில் ஏற்றிவைத்திருக்கிறார். தாமே கொன்றதைத் தாமே உயிர்ப்பித்து, இரண்டுக்கும் கூலி பெறும் இப்பெருமானின் கொற்றம் நீடூழி வாழ்க!