சாவி யார் கையில்?

(கேள்விகள்: இலுப்பைக்கடவை வாசகர் ஒருவர்)

பிட்கொயின் கணக்கின் சாவியை மனைவியிடம் சொல்லலாமா?

வீட்டுச் சாவி இத்தனை நாளும் யார் முந்தானையில் கிடந்தது? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கனடாவின் குவாட்ரிகா என்ற கிரிப்டோ நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் கொட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். பிட்கொயின் பெட்டகங்களின் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். காசு போட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள். கணக்காய்வாளர்கள் துழாவிப் பார்த்தால், அவர் சாகும் முன்பே பெட்டகங்கள் பெரும்பாலும் காலி! ஒரே கையில் சாவி இருந்தால் களவையும் சேர்த்தே புதைக்கலாம்.

கணக்கை மீட்க உதவும் 24 சொற்களையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். போதும்தானே?

தாராளமாகப் போதும், திருடனுக்கு! தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். நெல் மூட்டைக்கு இடையில் மட்டும் வேண்டாம். எலிக்குப் பிட்கொயினும் தெரியாது, பெறுமதியும் தெரியாது.

தொலைத்துவிட்டால் மீட்டுத்தர ஆளே இல்லையா?

வேல்ஸ் நாட்டு ஜேம்ஸ் ஹொவெல்ஸைக் கேளுங்கள். சுமார் 8000 பிட்கொயினின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பைக்குப் போனது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் வழக்கும் குப்பைக்கே போனது.

களவு போனால் மத்திய வங்கியில் முறையிடலாமா?

முறையிடலாம். "2021இலேயே எச்சரித்தோமே" என்று அவர்கள் திருப்பி உங்களிடம் முறையிடுவார்கள்! இலங்கையில் கிரிப்டோ சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல. காவலாளியும் நீங்கள்தான், பொலிஸும் நீங்கள்தான்.