மகாராணிக்கு மனசு சரியில்லை

"வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டால் இருக்கு, இல்லை என்று சொல்வது உலக வழக்கம். வண்டிக்குப் பேர் வைத்தவர் அப்படிச் சொல்லமாட்டார். "நேத்து ராத்திரியே நல்லா குடிச்சுட்டுத்தான் படுத்தா" என்பார். டீக்கடையில் பக்கத்தில் நிற்கும் வெளியூர்க்காரர் ஏதோ குடும்ப விவகாரம் என்று நினைத்து, டம்ளரோடு நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

தெருவுக்கு ஒருத்தராவது இப்படி இருக்கிறார். கருப்பன், காளி, ரோஸி, பவானி என்று வைப்பவர்கள் நடுத்தர வயதுக்காரர்கள். கல்லூரிப் பையன்கள் என்றால் ஷேடோ, தண்டர். ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் அம்மு, பட்டு என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், ஊருக்குச் சொல்வதில்லை. ஆனால் டிவிஎஸ் 50-க்குப் பேர் வைத்த ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. அது பாட்டுக்கு வாழைத்தார், பால் கேன், சிலிண்டர், ஸ்கூல் பிள்ளைகள் மூன்று பேர் என்று எதை ஏற்றினாலும் போய்க்கொண்டிருக்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 நின்றுபோனது 1996-ல். இன்றும் அதைப் புது வண்டி விலைக்குக் கேட்கிறார்கள். அதற்கும் பேர் கிடையாது, ஆர்எக்ஸ் என்றால் போதும். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறதுக்கெல்லாம் யார் மெனக்கெட்டுப் பேர் தேடுவார்கள்? பேர் என்பது முரண்டு பிடிக்கிற வண்டிக்குத்தான்.

எங்கள் தெருக்காரர் வைத்திருப்பது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மகனுக்குப் பேர் வைக்க ஜோசியர், எண்கணிதக்காரர், மாமனார் ஆட்சேபம், இரண்டு பக்கத்துக் குலதெய்வம் என்று பல மாதம் அலைந்தவர், வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் பேர் வைத்துவிட்டார். "பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு சார், இவ மகாராணி!"

நம்பர் பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று சட்டம் இருப்பதால் பேர் டேங்குக்குப் போயிற்று. ஸ்டிக்கர் கடைப் பையன் அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். 'மகாரணி' என்று ஒட்டிவிட்டான். துணைக்கால் இல்லாத மகாராணி ஒரு வாரம் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாள். பிறகு அவரே பிளேடால் சுரண்டி, துணைக்காலை வேறு நிறத்தில் ஒட்டினார். கிடைத்தது மஞ்சள்தான்.

காலையில் இவர் வண்டி எடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ஈரத்துணியால் டேங்கைத் துடைப்பார். பேர் இருக்கிற பக்கம் இரண்டு தரம். சாவியைத் திருப்பிவிட்டு ஆம்ப் மீட்டர் முள்ளையே பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்துவார். முள் நடுவுக்கு வந்தால் பாயின்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு துளி அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, உடம்பின் எடை முழுவதையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். பழைய புல்லட்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த தொழில்தான் இது. நம்மவர் நடுவில் ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறார். உதைப்பதற்கு முன் டேங்கில் கை வைத்து, "எந்திரிடா தங்கம், ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார். எழுந்தால், "சொன்னேனில்ல, நான் சொன்னா கேப்பா." எழவில்லையென்றால், "ராத்திரி மழையில்ல, மனசு சரியில்ல அவளுக்கு." கிக்கர் திருப்பி உதைத்துக் கெண்டைக்காலில் ரத்தம் கட்டினால், அதற்கும் ஒரு பெருமை. "கோபம் வந்தா யாருன்னு பார்க்கமாட்டா!"

இந்தக் கோபத்தின் மூலகாரணம் மெக்கானிக்குக்குத் தெரியும். நான் பட்டறையில் இருந்த ஒரு நாளில் மகாராணி தள்ளப்பட்டு வந்து சேர்ந்தாள்.

"தம்பி, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. என்னன்னு கேளு."

மெக்கானிக் எதையும் கேட்கவில்லை. ப்ளக்கைக் கழற்றி, கரியைக் காட்டினான். பாயின்ட்டை நகத்தால் நிரடிக் காட்டினான். ஆயில் குச்சியை எடுத்து வெயிலில் பிடித்தான். நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது.

"அண்ணே, ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"அது... அவ அதிகமா கேக்கமாட்டா தம்பி."

பேர் வைப்பதன் முழுப் பலனும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. பேர் இல்லாத வண்டி நடுரோட்டில் நின்றால், சர்வீஸ் விடாத ஆளைத்தான் ஊர் திட்டும். பேர் வைத்துவிட்டால் குற்றம் அவளுடைய குணத்துக்குப் போய்விடுகிறது. செயினுக்கு எண்ணெய் போடவில்லை என்பது 'புலம்புறா' ஆகும். கிளட்ச் கேபிள் தேய்ந்தது 'பிடிவாதம்' ஆகும். அடியில் ஒழுகும் ஆயில்கூட 'தன் இடத்தைக் காட்டுறா' என்று ஆகிவிடும். மெக்கானிக் பட்டறையில் இந்தப் பேருக்கெல்லாம் மரியாதை கிடையாது என்பது வேறு விஷயம். அங்கே நோட்டில், 'பேங்க் சார் கறுப்பு புல்லட், பாயின்ட், ஆயில், பாக்கி 450' என்றுதான் எழுதியிருந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. வண்டியை யாரும் இரவல் கேட்க முடியாது. மச்சினன் ஒரு நாள் வந்து, "மாமா, வண்டிய ஒரு மணி நேரம் குடுங்க, மண்டபம் பார்த்துட்டு வந்துடறேன்" என்றான். "வண்டின்னா குடுத்திருப்பேன் மாப்ள. அவளுக்கு என் கைதான் பழக்கம்" என்றார். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பைப் பார்த்தார்.

இதற்கெல்லாம் உலக சாட்சியும் கையில் வைத்திருக்கிறார். லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று பேரெடுத்த டி.ஈ. லாரன்ஸ், தன் பிரஃப் சுப்பீரியர் வண்டிகளுக்கு முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று ராஜாக்களைப் போல வரிசையாகப் பேர் வைத்தார் என்பார். உண்மைதான். ஏழாம் ஜார்ஜ் வரை வந்தது. 1935-ல் அந்த ஏழாவது வண்டியில் போகும்போதுதான் லாரன்ஸ் விழுந்து செத்தார் என்பதை நம்மவர் சொல்வதில்லை. அடுத்தது சே குவேரா. 1952-ல் நண்பர் கிரனாடோவோடு தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிய நார்ட்டன் 500-க்கு 'லா போதெரோசா', பலசாலி என்று பேர். படம் பார்த்திருக்கிறார், வண்டி கிளம்பும் கட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பலசாலி சிலி நாட்டில் அடியோடு படுத்துவிட்டதும், மீதி ஊரை இரண்டு பேரும் பெரும்பாலும் லாரிக்குக் கை காட்டித்தான் பார்த்தார்கள் என்பதும் அவர் நினைவில் தங்கவில்லை. ராஜஸ்தானில் பாலி ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்லட்டைக் கண்ணாடிக்குள் வைத்து மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அவர் மனைவி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே ஆயுத பூஜைக்கு மற்ற வண்டிகளுக்கு ஒரு முழம் பூ என்றால் மகாராணிக்கு ஐந்து முழம்.

போன ஐப்பசியில் பைபாஸ் முனையில் போலீஸ் நிறுத்தியது. நான் பின்சீட்டில் இருந்தேன். அதிகாரி நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"மகாராணி, சார்."

அதிகாரி ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்த்தார். மீசை இருந்தது.

"உங்க பேரச் சொல்லுங்க."

சொன்னார். ஆர்சி இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆடியிலேயே முடிந்திருந்தது, புகைச் சான்றிதழ் அதற்கும் முந்தியே. ரசீது கிழித்துக் கொடுத்தபோது, "வயசானவ சார், பார்த்துப் போடுங்க" என்று ஒரு முறை கெஞ்சினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பேர் வைக்கிறவர்களுக்குக் கடைசியில் ஒன்று நடக்கிறது. வைத்த பேர் வண்டியோடு நிற்பதில்லை. 'ஜாவா' மாமா, 'புல்லட்' பாண்டி என்று வண்டியின் பேரை ஆளுக்கு வைப்பது நம் ஊர்களின் பழைய பழக்கம். எங்கள் தெருவில் அது ஒரு படி மேலே போய்விட்டது. டீக்கடையில் அவருக்கு 'மகாராணி சார்' என்றே கணக்கு. வீடு 'மகாராணி வீடு'. அவர் மனைவி அரசுப் பள்ளியில் முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர், அவரிடம் படிக்காத ஆள் தெருவில் குறைவு. அது வெளியூர் கூரியர் பையனுக்குத் தெரியுமா? டீக்கடையில் வழி கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்தினான்.

"மகாராணியம்மா! பார்சல்!"

டீச்சர் வெளியே வந்தார். பையனை ஏற இறங்கப் பார்த்தார். புதுப்பேட்டையிலிருந்து பழைய மட்கார்டு ஒன்று, சாக்கில் சுற்றி வந்திருந்தது.

"காசு குடுத்துத்தான் எடுக்கணும்மா. 1,850."

உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பையன் விரலால் காட்டினான். டீச்சர் பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாக, துணைக்காலோடு சேர்த்து 'மகாராணி' என்று போட்டுக் கொடுத்தார்.