வடாமும் வெயிலும்: மூன்று நகரங்களின் கோடை குறித்த ஓர் ஆய்வு

மே மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரும் மாமாக்கள், சாங்கி விமான நிலையக் கதவைத் தாண்டியதும் தீர்ப்பு வழங்கிவிடுவார்கள்: “இதெல்லாம் ஒரு வெயிலா?” ஜூலையில் லண்டனிலிருந்து வரும் யாழ்ப்பாணத்துச் சித்தப்பாக்கள் அதே கதவருகே நின்று, “எப்பிடித்தான் இதுக்குள்ள இருக்கிறியளோ!” என்பார்கள். இரு தரப்பும் நம்பியிருப்பது வெப்பமானியை. அந்தக் கருவி இவ்விஷயத்தில் எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதை முதலில் நிறுவிவிடுவோம்.

2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. சிங்கப்பூரின் உச்சமோ வெறும் 37. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவில் எட்டிய அந்த அளவை, 2023 மே 13 அன்று அங் மோ கியோ மீண்டும் தொட்டது. நாற்பது ஆண்டு உழைத்தும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பிரிட்டனோ 2022 ஜூலை 19 அன்று கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி கண்டது. ஆக, உச்ச வெப்பத்தில் சிங்கப்பூரைவிட பிரிட்டன் சூடான நாடு. இந்த முடிவை நம்பி யாரும் நவம்பரில் லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

வெப்பம் போகட்டும், வெயிலை அளக்கலாம் என்றால் அதற்கும் ஒரு கருவி உண்டு. ஜான் பிரான்சிஸ் கேம்பல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1853-இல் கண்டுபிடித்தது. கண்ணாடிக் கோளம் ஒன்று சூரிய ஒளியைக் குவித்துச் சுடும். சுட்ட தடத்தின் நீளத்தைப் பார்த்து, அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று சொல்லிவிடலாம். பின்னாளில் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி அதைத் திருத்தி, தடம் அட்டையில் விழும்படி செய்தார். கேம்பல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவரும்கூட. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கேம்பல் கருவியின் குறை, அது வெயிலைச் சொல்லுமே தவிர காற்றின் ஈரத்தைச் சொல்லாது. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் கருவி நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதன் பெயர் வடாம். ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி, பச்சை மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியின் மேல் கரண்டியால் வட்டம் வட்டமாக இடுவது. முதல் நாள் மாலைக்குள் மேல்பக்கம் காய வேண்டும். மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரிந்து வர வேண்டும். மூன்றாம் நாள் ஒடித்தால் ‘டக்’ என்ற ஒலி எழ வேண்டும். எழுந்தால் அவ்வூரில் கோடை உண்டு. ‘சவக்’கென்று வளைந்தால் இல்லை. வடாமா, வத்தலா, வடகமா என்ற உட்பிரிவுச் சண்டைகளில் இந்த ஆய்வு தலையிடாது.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, பின்னாலேயே கத்திரி. மொட்டை மாடி இருக்கிறது, குடைக்கம்பியை ஆட்டிக் காக்கை விரட்டப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘டக்’.

லண்டனில் ஜூன் இறுதிப் பகல் பதினாறரை மணி நேரம் நீள்கிறது. நீளத்துக்குக் குறைவில்லை, காரம்தான் போதாது. நண்பகலிலும் சூரியன் 62 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆனாலும் காற்று அவ்வளவு மோசமில்லை. ஈஸ்ட் ஹாம் வீட்டுக் கொல்லையில் மோர்மிளகாய் காய வைக்கும் அத்தைமார், வானிலை அறிக்கையை வரிவரியாகப் படிப்பவர்கள். அவர்கள் முயற்சி நல்ல ஜூலைகளில் பலிக்கும்.

இனி சிங்கப்பூர். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசமில்லை. கடிகாரமோ 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் பொழுது விடியவே ஏழு மணி ஆகிறது. சென்னைப் பாட்டி ஆறு மணிக்கு இடும் வடாமை இங்கே டார்ச் அடித்துத்தான் இட வேண்டும். ஆண்டில் 171 நாள் மழை. அதுவும் பெரும்பாலும் வடாம் பாதி காய்ந்திருக்கும் பிற்பகலில், இடியோடு.

இட்டாலும் எங்கே இடுவது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் மொட்டை மாடி குடியிருப்போருக்குத் திறப்பதில்லை. அங்கே விழும் வெயிலைப் பல புளோக்குகளில் அரசாங்கமே சூரியத் தகடு வைத்து எடுத்துக்கொள்கிறது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீளும் மூங்கில் கம்பு துணிக்கானது. அதில் வடாம் வேட்டியைத் தொங்கவிட்டால் பதினொன்றாம் மாடியிலிருந்து கீழே போகிறவர் தலையில் ஜவ்வரிசி பொழியும். மாடியிலிருந்து எதையும் கீழே விழவிடுவது குற்றம். வடாமுக்கு விலக்கு இல்லை.

கணக்கைப் பார்ப்போம். காயும் வேகம், காற்றுக்கு இன்னும் எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் தாகம் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 38 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் கொண்ட சென்னையின் மே மாதப் பிற்பகலில் அந்தத் தாகம் சுமார் 36 ஹெக்டோபாஸ்கல். 23 டிகிரி, 50 சதவீதம் என்று வைத்தால் லண்டன் ஜூலைப் பிற்பகலுக்கு 14. சிங்கப்பூரில் மழையில்லாத பிற்பகலில் 18 வரை ஏறும். ஆனால் பகலும் இரவும் சேர்ந்த சராசரியான 28 டிகிரி, 82 சதவீதத்துக்கு வெறும் ஏழு. பகலில் காய்ந்த வடாம் இரவில் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடுகிறது. வருடம் முழுக்க வியர்க்கும் ஊரில், தமிழ் இலக்கணப்படி, கோடை கிடையாது.

விதிவிலக்கு உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் கூடுதலாகக் கிடைக்கிறது, நவம்பரில் குறைவுதான். அதிலும் 2014 பிப்ரவரி ஒரு பொற்காலம்: மாதம் முழுவதும் சாங்கியில் 0.2 மில்லிமீட்டர் மழை, 1869-லிருந்து வைத்த பதிவுகளில் அதுபோல் வறண்ட மாதம் இல்லை. அந்த மாதத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்களை வரலாறு மன்னிக்காது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 21 அன்று, சுமத்ராவின் காட்டுத்தீப் புகையால் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. அன்று வெளியே இட்டிருந்தால் புகையூட்டிய வடாம் என்ற புதுவகை கிடைத்திருக்கும்.

இப்போது இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்புக்கு வருவோம். ஏசி ஓடும் படுக்கையறையில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று கொண்டால் காற்றின் தாகம் 15. வெளிச் சராசரியைப் போல் இரு மடங்கு. லண்டனின் ஜூலையைவிட ஒன்று கூடுதல். சிங்கப்பூரின் வளர்ச்சிக்கு ஏசி எவ்வளவு முக்கியம் என்று லீ குவான் யூ வெளிப்படையாகச் சொன்னவர். வடாமையும் மனத்தில் வைத்துச் சொன்னாரா என்பதற்குச் சான்றில்லை. எப்படியானாலும் சிங்கப்பூர்த் தமிழரின் கோடை இருப்பது ஜன்னலுக்கு வெளியே அல்ல, வீட்டிலேயே குளிர்ந்த அறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே.

எதிர்வாதம் ஒன்று தேக்காவில் கேட்டது. பஃப்பலோ ரோடு மளிகைக் கடையில் வடாம் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மேற்கண்ட கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதான் இங்க காஞ்சதே விக்கிறாங்களே தம்பி” என்று இரண்டு பாக்கெட்டைக் கூடையில் போட்டார். அறிவியல் வளர்ச்சிக்கு இத்தகைய மனப்போக்கு உகந்ததல்ல.

ஆய்வைத் தொடர விரும்பும் வாசகர்கள் ஏசியை 24-இலும் மின்விசிறியை மூன்றிலும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடவும். அந்த அறையில் படுப்பவரிடம் முன்கூட்டியே அனுமதி பெறவும். மாதக் கடைசியில் வரும் மின்கட்டணத்துக்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.