உறையாநீர் இயல்: திண்டுக்கல் லாரிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டுக்கல்லில் தண்ணீர் உறையாது. இந்த ஒரு வரியோடு கட்டுரையை முடித்துவிடலாமே என்றார்கள் நண்பர்கள். ஆய்வு நெறி அறியாதவர்கள். ஊரைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (பழைய எண் 7) தெற்கே கன்னியாகுமரியிலும் வடக்கே ஸ்ரீநகரிலும் முடிகிறது. ஆகவே பைபாஸ் டீக்கடையில் நிற்கும் எந்த லாரியும் அந்தச் சாலையை விடாமல் வடக்கே போனால், தண்ணீர் உறையும் ஊரில் போய் நிற்கும். ஆய்வுக்கு இவ்வளவு தொடர்பு போதும்.

ஆய்வுப் பொருள், சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையும் அதன் காலடியில் இருக்கும் 20 லிட்டர் கேனும். காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாளுக்குச் ‘சில்லாய் கலான்’ என்று பெயர். நாம் அக்கினி நட்சத்திரத்துக்கு நாள் குறிப்பதுபோல அவர்கள் குளிருக்குக் குறித்திருக்கிறார்கள். அந்நாளில் பனி கொட்டியோ மண் சரிந்தோ சாலை அடைபட்டால், ஆப்பிள் லோடுக்குப் போன லாரிகள் காசிகுண்டில் வரிசைகட்டி நிற்கும். ரேடியேட்டருக்குக் கூலன்ட் உண்டு. குடிக்கிற கேனுக்கு அதை ஊற்ற முடியாது, விஷம்.

இதற்கு உலகத்து வல்லுநர் சொல்லும் தலையாய தீர்வு: இரவில் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடு. தொட்டியையும் குழாயையும் வடித்துவிட்டால் உறைவதற்கு ஒன்றும் இல்லை.

இங்கேதான் திண்டுக்கல் மரபு முரண்படுகிறது. ஆத்தூர் காமராஜர் அணை வற்றினால் குடத்தோடு தெருவில் நிற்கும் ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்து விருந்துக்கு அழைத்த வீடுகள் உண்டு. அந்த ஊர்க் கை ஒரு கேன் நல்ல தண்ணீரை வெளியூர் மண்ணில் கவிழ்க்குமா? களஆய்வில் மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“தண்ணியக் கீழ ஊத்தச் சொல்றீகளா சார்? எங்கம்மா காதுல விழுந்தா என்னைய வீட்டுக்குள்ள விடாது.”

ஆகவே ஊற்றாமல் காக்கும் வழிகளையே திண்டுக்கல் மரபு வளர்த்திருக்கிறது. முதலாவது, பதினெட்டு விதி. நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். 20 லிட்டர் கேனில் 18 மட்டும் ஊற்றினால், உறைந்த பின்னும் 20-க்குள் அடங்கும், கேன் பிளக்காது. அடுத்தது கம்பளி. கம்பளி சூடு தராது, இருக்கிற சூட்டை வெளியே விடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் வேலையும் அதுதானே! கிராமுக்கு 80 கலோரி வீதம், 18 லிட்டரும் கட்டியாக வேண்டுமானால் 1,440 கிலோ கலோரி வெளியேற வேண்டும். சீரகச் சம்பா பிரியாணி இரண்டு தட்டுக்கு நிகர் என்பது என் வயிற்றுக் கணக்கு. இவ்வளவையும் கம்பளி வழியே கடத்த ஓர் இரவு போதுமா என்பதே பந்தயம்.

பந்தயம் தோற்கும் போலிருந்தால் கேனும் படுக்கைக்கு வரும். உறங்கும் மனிதன் ஏறத்தாழ 80 வாட் வெப்பம் விடுகிறான். இந்தப் பக்கம் டிரைவர், அந்தப் பக்கம் கிளீனர், நடுவில் கேன்: மொத்தம் 160 வாட். (கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்புப் பற்றவைப்பதை மட்டும் இந்த ஆய்வு வேடிக்கையாகக் கருதவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.)

இத்தனைக்குப் பிறகும் நம் ஓட்டுநரின் கேன் ஓர் இரவு கல்லாகிவிட்டதாம். தனியாகப் படுத்ததன் விளைவு. கிளீனர் அன்று வேறு வண்டியில் சீட்டாடப் போயிருந்தார். வீம்புக்கு அதைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, வழியெல்லாம் டீக்கடைத் தண்ணீர் குடித்தபடி தெற்கே வந்திருக்கிறார். எங்கோ சமவெளியில் ஐஸ் இளகியது. கரூர் தாண்டும்போது கேனைத் தொட்டால் சுட்டது. வீட்டு வாசலில் இறக்கி வைத்து, காஷ்மீர்க் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். அம்மா கேனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“ரெண்டு லிட்டர் கொறையுதே, எங்கடா ஊத்துன?”