பிஜிக்குப் போய் எதையும் பார்க்காமல் திரும்ப வழிகள்

பிஜியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அங்கே போயும் எதையும் பார்க்காமல் திரும்புவது லேசுப்பட்ட காரியமில்லை. கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

நாண்டி விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே டெனராவுக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். அலையாத்திக் காட்டை மேடாக்கி விடுதிகளாகவே கட்டி எழுப்பிய இடம். நீச்சல்குளம், கோல்ஃப் மைதானம், காதில் பூச்செருகி 'புலா' என்று வரவேற்கும் பணியாளர் எல்லாம் உண்டு. ஊர் மட்டும் கிடையாது.

கடலில் இறங்கியே தீருவேன் என்பவர்கள் பவளத்திட்டின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். காலடியில் நொறுங்குவது கல்லல்ல, உயிர் என்று படகுக்காரர் கத்துவார். சிரித்துக் கையசையுங்கள். டவேயுனி தீவில் 180 டிகிரி தீர்க்கரேகையைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. இருபுறமும் காலை அகட்டி நின்று, 'ஒரு கால் நேற்றில், ஒரு கால் இன்றில்' என்று எழுதிப் படத்தைப் போடுங்கள். பிஜி முழுவதும் ஒரே தேதியில் இருக்கட்டும் என்று தேதிக்கோட்டை எப்போதோ வளைத்துவிட்டார்கள். அதனாலென்ன, லைக் போடுகிறவர்களுக்குத் தெரியவா போகிறது?

கிராமத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது கிளம்பினால்தான் சிக்கல். அங்கே ஊர்த் தலைவர் முன் ஒரு கட்டு காவா வேர் வைத்து அனுமதி கேட்பது முறை. செவுசெவு என்பார்கள். நீங்கள் சாக்லேட் டப்பாவை நீட்டுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பி கூடாது என்பதால் அரை டிராயரும் அகலத் தொப்பியும் உசிதம். சிரட்டையில் சேற்றுத் தண்ணீர் நிறத்தில் காவா வரும். ஒருமுறை கைதட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று முறை தட்ட வேண்டும். குடித்தால் நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், மனிதர்களோடு உட்கார்ந்து பேசத் தோன்றும். ஆகவே மோந்து பார்த்து முகம் சுளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒரு குழந்தையின் தலையைத் தடவிக்கொடுக்கலாம். பிஜியில் பிறர் தலையைத் தொடுவது பெரிய அவமதிப்பு. 1867-ல் தாமஸ் பேக்கர் என்ற பாதிரியார் மலைநாட்டுத் தலைவர் ஒருவரின் முடியிலிருந்து சீப்பை உருவினார் என்று ஒரு கதை உண்டு. அவர் கொல்லப்பட்டதற்குக் காரணம் அதுதானா, அரசியலா என்று விவாதம் ஓயவில்லை. அவரைக் கொன்று தின்றது மட்டும் நிச்சயம். அவர் காலணியின் அடித்தோல் சுவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003-ல் அவரைக் கொன்ற கிராமத்தார் அவருடைய வம்சத்தாரை வரவழைத்து முறைப்படி மன்னிப்புக் கேட்டார்கள். அருங்காட்சியகம் பக்கம் போகாதீர்கள். மனித மாமிசம் தின்பதற்கான மர முள்கரண்டி என்று சொல்லிக் கடைகளில் விற்கிறார்கள், நினைவுப் பொருளுக்கு அது போதும்.

நாண்டியில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தைக் கண்டதும், 'அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே!' என்று ஒரு ரீல். அதோடு கிளம்பிவிடுங்கள். முருகன் இவ்வளவு தூரம் எப்படி வந்தார் என்று கேட்டீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது, 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றியது, பாரதி மனம் பதறிப் பாடிய அந்தக் கரும்புத் தோட்டங்கள், 1926-ல் தென்னிந்தியர்கள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் கட்டியது என்று கதை நீண்டுகொண்டே போகும்.

உங்கள் தமிழைக் கேட்டுவிட்டுப் பெரியவர் யாராவது பக்கத்தில் வரக்கூடும். பாட்டனார் வட ஆற்காட்டுப் பக்கம் என்று பிஜி இந்தியில் சொல்வார். நீங்கள் எந்த ஊர் என்பார். வாய் தவறி வேலூர் என்று சொல்லிவிடாதீர்கள், கையைப் பிடித்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். இன்றைக்கு விடுதியில் தந்தூரி பஃபே என்று சொல்லி நழுவிவிடுங்கள்.