முந்திக்கொள்ளும் விரல்கள்

இப்போது என் மேசையில் இருக்கும் லேப்டாப்புக்கு விசிறியே கிடையாது. நூறு டிராக்கை அதன் தலையில் ஏற்றினாலும் ஒரு பெருமூச்சு விடுவதில்லை. அந்த மௌனத்தின் முன்னால் உட்காரும்போதெல்லாம், 2009-இல் திருச்சி வீட்டு மாடி அறையில் நெல் மில் மாதிரி இரைந்துகொண்டிருந்த என் பத்து அங்குல லேப்டாப் நினைவுக்கு வந்துவிடுகிறது. 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம் பிராசசர், 1 ஜிபி ரேம். அடுத்த ரஹ்மான் நான்தான் என்று என் நண்பர்கள்கூட ஓரளவு நம்பினார்கள். அந்த லேப்டாப் மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

அதில் ஓடியது ரீப்பர். பென்டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும் சின்ன இசைப்பதிவு மென்பொருள்; சோதனைக் காலம் முடிந்த பிறகும் பூட்டிக்கொள்ளாமல், பழைய பாக்கி வைத்திருப்பவரிடம் மளிகைக் கடைக்காரர் பேசுவதுபோல, திறக்கும்போதெல்லாம் பணத்தை நாசூக்காக நினைவூட்டும். மூன்றாவது வயலினைச் சேர்த்தவுடன் ஸ்பீக்கரில் கடுகு வெடிக்க ஆரம்பிக்கும். உடனே டிராக்கை ‘ஃப்ரீஸ்’ செய்தாக வேண்டும். அதாவது வாசித்ததை வெறும் ஒலிக்கோப்பாக எழுதி வைத்துவிட்டு, வயலின் சத்தம் தரும் ப்ளக்-இன்னை ஓய்வுக்கு அனுப்பிவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டில் உறைந்திருந்தது என் வயலின்கள் மட்டும்தான். ஃப்ரிட்ஜே மின்வெட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும். ஃப்ரீஸ் முடிவதற்குள் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது அந்த வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது; டீக்கடைக்குப் போகக் காரணம்தான் இல்லை.

சூடு தாங்காத லேப்டாப்புக்கு நான்கு மூலையிலும் கேசட் பெட்டிகளை முட்டுக்கொடுத்திருந்தேன். என் பாட்டைத் தூக்கி நிறுத்த ‘ரோஜா’வும் தன் பங்குக்கு ஒரு மூலையைத் தாங்கியது.

மின்வெட்டைத் திட்டாதவர்கள் அப்போது யார்? நான்தான். கரண்ட் போனதும் தெருவில் மிக்ஸி, கிரைண்டர், சீரியல் கண்ணீர் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கெஞ்ச வேண்டியதில்லை. லேப்டாப்பைத் தலையணைக்குப் பின்னால் தள்ளி, பேட்டரி சாவதற்குள் ஒரு சரணத்தைப் பாடிப் பதிந்துவிடலாம். அப்படியொரு ஒலிப்பதிவுக்கூடத்தை அரசாங்கம் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. இன்று கரண்ட் போவதில்லை. தெருவும் வாய் மூடுவதில்லை.

ஆனால் அந்த லேப்டாப் என்னிடம் விட்டுச்சென்றது வேறொன்று. கடுகு வெடிக்காமல் இருக்க, ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 2048 துளிகளுக்கு ஏற்றி வைத்திருந்தேன். நொடிக்கு 44,100 ஒலித்துளிகள் என்ற கணக்கில், அத்தனை துளிகள் சேர்ந்து வெளியே வரவே 46 மில்லிசெகண்ட் ஆகும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். அதனால் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே அழுத்தப் பழகிக்கொண்டேன், அதைத் திறமை என்றும் நினைத்துக்கொண்டேன். புது லேப்டாப்பில் பஃபர் 64, அழுத்தியவுடன் சத்தம். விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. போன வாரம் என்னோடு வாசிக்க வந்த பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணே, எங்க ஓடுறீங்க? தாளம் இங்கதானே இருக்கு?”

அப்போது கீழே அப்பா, சென்னையிலிருக்கும் தங்கையிடம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பம்பாய்க்கு டிரங்கால் போட்டுக் கத்திய காலத்தின் அதே குரல். செல்போன் இல்லாமலே சென்னைக்குக் கேட்டிருக்கும். “ஏன்பா கத்துறீங்க, பக்கத்துல பேசற மாதிரி கேக்கும்பா” என்று இருபது வருஷமாக அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அன்று கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.