படகுக்கு ஒரு பக்கெட்

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு ஸ்பேனரை எங்கே வைப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1960களிலேயே அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. பட்டறைச் சுவரில் பலகை. பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் பெயிண்டில். பக்கத்தில், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் '5எஸ்' போஸ்டர். உருவம் என்றைக்கும் அங்கேயே இருக்கும். பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர் மட்டும் 'நைட் ஷிஃப்ட்ல யாரோ எடுத்தாங்க சார்'.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஓடின. அந்த மாதிரிப் படகில் பலகைக்கு ஏது இடம்? மூடி போட்ட பழைய பெயிண்ட் பக்கெட்தான் டூல்ஸ் ரூம். அடியில் கனமான குறடு, சுத்தியல். மேலே பிளக் ஸ்பேனர், திருப்புளி, மாற்று ஸ்பார்க் பிளக். உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லாமே எண்ணெய்த் துணிக்குள். முக்கியமானவற்றுக்கு நைலான் கயிறு. கை நழுவினால் கடல் திருப்பித் தராது. போஸ்டர் இல்லை, ஆடிட் இல்லை. எடுத்தது எடுத்த இடத்துக்கே போகும். இல்லாவிட்டால் நடுக்கடலில் துடுப்புதான்.

அடுத்த வெள்ளத்துக்காக, ஏரிப் பக்கம் மனை போட்டு விற்பவர்கள் இந்தப் பக்கெட்டைக் கவனிக்கலாம். கார் பார்க்கிங்கோடு ஒரு படகும் பக்கெட்டும் இலவசமாகக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 'லேக் வியூ' என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்களே!